திரையிற் கண்டதும் மாறியிற் கொண்டதும்

எழுத்து ஓரிடத்தில் நிற்பது. அது குறிக்கும் பொருளோ பலவிடங்கட்குச் செல்ல வேண்டுவது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவைக் கடத்தற்பொருட்டே ஏடு பெயர்த்தெழுதுவோரும் கணக்கரும் அச்சுக் கோப்போரும் பண்டுதொட்டு உழைத்து வந்தனர். இக்காலத்தில் அவ்வுழைப்பின் ஒரு பகுதி கணிப்பொறித் திரையின் முன்னர் நிகழ்கின்றது. அலுவலர் ஒருவர் ஒரு திரையில் வாடிக்கையாளரின் கணக்கெண்ணைக் காண்கின்றார்; அதனைத் தாளிற் குறித்துக்கொள்கின்றார்; பின்னர் வேறொரு திரையைத் திறந்து அவ்வெண்ணை மீண்டும் விசைப்பலகையில் தட்டுகின்றார். தட்டும் விரல் ஓர் இலக்கம் பிறழுமாயின், ஒருவர்க்குரிய பணம் மற்றொருவர் கணக்கிற் சென்று சேரும்.

திரையிற் கண்டதை மென்பொருளே எடுத்து, அதற்கு ஒரு பெயரிட்டு வைத்து, வேண்டுமிடத்தெல்லாம் வழங்குமாயின் இத்துன்பம் பெரிதும் நீங்கும் அன்றோ? அவ்வாறு செய்யும் முறை பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது. ஆயினும், கை தவறினால் ஒரு கணக்கே கெடும். இம்முறை தவறினால் ஓராயிரம் கணக்குகள் ஓசையின்றிக் கெடும். ஆதலின், அது நிகழும் வகையையும், அதன்கண் உள்ள ஏதங்களையும், அவற்றினின்று காத்துக்கொள்ளும் வழிகளையும் ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

மாறி என்பது யாது?

கணிப்பொறி நிரலில் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடத்திற்கு மாறி என்று பெயர். அஞ்சறைப் பெட்டியின் ஓர் அறையைப் போல்வது அது. அறை மாறாது நிற்கும். உள்ளிருக்கும் பொருள் மாறும். ‘நிலுவைத்தொகை’ என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டால், முதல் வாடிக்கையாளர்க்கு அதனுள் 500 இருக்கலாம்; அடுத்தவர்க்கு 7,250 இருக்கலாம். நிரல் அப்பெயரைச் சொல்லிய பொழுதெல்லாம் அப்பொழுது உள்ளிருக்கும் மதிப்பு வெளிவரும். ஒரு முறை எடுத்ததைப் பல முறை பயன்படுத்தலாம், கூட்டலாம், வேறொன்றனோடு ஒப்பிடலாம், மற்றொரு திரையில் இடலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். திரையில் நிற்கும் எழுத்தும் ஏட்டுச் சுரைக்காயே ஆம். திரையிலுள்ள 7,250 என்பது நமக்குத் தொகையாகத் தோன்றும். கணிப்பொறிக்கோ அது அடுத்தடுத்து நிற்கும் ஐந்து குறிகள் மட்டுமே. அக்குறிகளை எடுத்துப் பெயரிட்டு, அவற்றின் இயல்பையும் அறிவித்த பின்னரே அவை கறிக்கு உதவும் காயாகின்றன.

பெயரிடும்பொழுது நம் இலக்கணம் கூறும் ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பெயர்கள் இருவகைப்படும். ‘அ1’, ‘அ2’ என மாறிகட்கு இடுகுறியாய்ப் பெயரிடுவோர் ஆறு திங்கள் கழித்துத் தாம் எழுதிய நிரலைத் தாமே அறியாது மயங்குவர். ‘திரையில்_கண்ட_கணக்கெண்’, ‘நாம்_கேட்ட_கணக்கெண்’ எனக் காரணம் விளங்கப் பெயரிட்டால், அவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதும், அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதும் பெயராலேயே தோன்றும். இவ்வேறுபாட்டின் பயனைப் பின்னர்க் காண்போம்.

திரையின் வரலாறும் அமைப்பும்

திரையிலிருந்து தரவு எடுக்கும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஐ.பி.எம். 3270 என்னும் முனைய வகையாகும். அந்நிறுவனம் 1971-ஆம் ஆண்டில் அதனை அறிமுகஞ் செய்தது. மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணிப்பொறி ஓரிடத்தில் இருக்க, திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்கள் பல இடங்களிலிருந்து அதனோடு இணைக்கப்பட்டன. இம்முனையங்களிற் பெருவழக்குற்ற திரை, 24 வரிகளும் வரிக்கு 80 கட்டங்களும் உடையது. ஆகவே, ஒரு திரையில் 1,920 எழுத்துகட்கு இடம் உண்டு. இந்த 80 என்னும் எண்ணிக்கை திரைக்கு முன்னரே தோன்றியது. 1928-இல் ஐ.பி.எம். வெளியிட்ட துளையட்டையிலும் 80 நெடுவரிசைகளே இருந்தன.

அம்முனையப் பொறிகள் இப்பொழுது அரியவாயின. ஆனால் அவற்றின் திரைகள் மறையவில்லை. எமுலேட்டர் எனப்படும் மென்பொருள், மேசைக் கணிப்பொறியைப் பழைய முனையம் போல நடிக்கச் செய்கின்றது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் அப்பழைய திரைகளை இன்றும் வழங்குகின்றன. 2020 ஏப்ரல் திங்களில், நோய்த்தொற்றினால் வேலையிழந்தோர் எண்ணிக்கை பெருகியபொழுது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்பி, கோபோல் மொழி அறிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அரசின் உதவியை எதிர்நோக்கி நின்ற மக்களின் விண்ணப்பங்கள் பல பத்தாண்டுகட்கு முற்பட்ட பெருங்கணிப்பொறி அமைப்புகளைச் சார்ந்திருந்தன. பழைய திரை என்று நாம் எளிதாய்க் கூறுவதன் பின்னே ஒரு குடும்பத்தின் அடுத்த வேளை உணவும் நிற்கக்கூடும் என்பது இதனாற் புலனாகும்.

3270 திரை புலங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு புலத்தின் தொடக்கத்திலும் அதன் பண்பைக் கூறும் ஒரு குறி ஒரு கட்டத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு அக்கட்டம் வெற்றிடமாகவே தோன்றும். இப்புலம் பயனர் எழுதக்கூடியதா, எழுதக்கூடாததா, எண் மட்டும் ஏற்பதா, ஒளிர்ந்து தோன்றுவதா, தோன்றாது மறைவதா என்பனவெல்லாம் அக்குறியால் அறியப்படும். பயனர் திரையிலுள்ள புலங்களை நிரப்பி ‘என்டர்’ முதலிய விசைகளுள் ஒன்றை அழுத்திய பின்னரே, நிரப்பிய செய்தி தொகுப்பாகப் பெருங்கணிப்பொறிக்குச் செல்லும்; ஒவ்வோர் எழுத்தாகச் செல்வதில்லை. விடை வரும்வரை விசைப்பலகை பூட்டப்பட்டிருக்கும்.

எழுத்துகளின் எண்குறியும் இருபுறத்தும் வேறாகும். பெருங்கணிப்பொறி எப்சிடிக் என்னும் முறையைக் கையாள்வது. அதில் ‘0’ என்னும் இலக்கத்தின் குறியெண் 240. மேசைக் கணிப்பொறியின் ஆஸ்கி முறையில் அதே இலக்கத்தின் குறியெண் 48. எமுலேட்டர் இவற்றை ஒன்றனிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்த்துத் தருகின்றது. எனவே நாம் திரையிலிருந்து எடுப்பது, ஒரு பெயர்ப்பாளர் நமக்குச் சொல்லிய செய்தி எனலாம்.

எடுக்கும் முறை

1980-களில் தனிக் கணிப்பொறிகள் அலுவலகங்களிற் புகுந்தபொழுது, நிரலே முனையத்தை இயக்குதற்கு எச்.எல்.எல்.ஏ.பி.ஐ. என்னும் இடைமுகத்தை ஐ.பி.எம். அமைத்தது. அதன்கண் ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு. திரையோடு இணைவதற்கு 1, விசைகளை அனுப்புதற்கு 3, காத்திருத்தற்கு 4, திரையில் ஒரு சொல்லைத் தேடுதற்கு 6, திரையின் ஒரு பகுதியை எடுத்து நிரலின் மாறியில் இடுதற்கு 8. இந்த எட்டாம் பணியே நம் கட்டுரையின் கரு. எவ்விடத்திலிருந்து, எத்தனை எழுத்து என்று கூறினால், அவ்வளவு எழுத்துகளை அது நம் மாறியிற் கொண்டுவந்து சேர்க்கும்.

‘எவ்விடம்’ என்பதனை ஒரே எண்ணாற் குறிப்பர். திரையின் முதற் கட்டம் 1. முதல் வரியின் இறுதி 80. இரண்டாம் வரியின் முதற் கட்டம் 81. இவ்வாறே 1,920 வரை செல்லும். வரி எண்ணில் ஒன்றைக் கழித்து, 80-ஆற் பெருக்கி, கட்ட எண்ணைக் கூட்டினால் இடம் கிடைக்கும். 9-ஆம் வரியின் 30-ஆம் கட்டத்தின் இடம், 8-ஐ 80-ஆற் பெருக்கிய 640-உடன் 30 கூட்டிய 670 ஆகும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹோஸ்ட் ஆன்-டிமாண்ட் போன்ற பிற்கால மென்பொருள்களில் மேக்ரோ என்னும் செயற்றொடர் வழியாகவும் இதனைச் செய்யலாம். எடுக்க வேண்டிய பகுதியின் தொடக்க வரி, தொடக்கக் கட்டம், இறுதி வரி, இறுதிக் கட்டம் ஆகியவற்றைக் குறித்து, கிடைத்ததை இன்ன மாறியில் வைக்க என ஆணையிட்டால் போதும். அங்கே மாறியின் பெயர்க்கு முன்னும் பின்னும் டாலர்க் குறி இடுவது மரபு. எழுத்துத்தொடர், முழுவெண், பதின்ம எண், ஆம்-இல்லை என மாறிகட்கு வகையும் கூறவேண்டும்.

இத்துணை எளிதாயின் ஏதம் எங்கே உளது எனின், அது மூன்றிடத்து உளது என்க. இடம், காலம், இயல்பு என்பன அவை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த பொருளிலக்கணத்தைக் கற்றோர்க்கு இவ்வரிசை வியப்பளிக்காது. ஒரு செய்தி எங்கே, எப்பொழுது, எத்தகையதாய் நின்றது என்பன அறியப்படாவிடின் அச்செய்தி அறியப்படவில்லை.

இடத்தாற் பிழைத்தல்

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் திரையில், செலுத்தவேண்டிய தொகை 9-ஆம் வரியின் 30-ஆம் கட்டந்தொட்டு 12 கட்டங்களில் வலப்புறம் ஒட்டி எழுதப்படுவதாகக் கொள்வோம். நிரல் எழுதியவர் ஒரு கட்டம் தள்ளி, 31-ஆம் கட்டத்திலிருந்து 12 எழுத்துகளை எடுக்கின்றார் என்க. விளைவு யாது? தொகை 12,500.00 டாலராயின் அதற்கு ஒன்பது கட்டங்களே வேண்டும். முன்னுள்ள மூன்றும் வெற்றிடம். எடுக்கத் தவறிய கட்டம் அவ்வெற்றிடங்களுள் ஒன்றாதலின் யாதொரு கேடும் இல்லை. ஆய்வு செய்வோர் பத்துக் கணக்குகளை எடுத்து ஒப்பிட்டு, ‘யாவும் சரி’ என்று எழுதிவிடுவர்.

ஒரு நாள் 1,234,567.89 டாலர் என்னும் தொகை வருகின்றது. அது பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பி நிற்கின்றது. 31-ஆம் கட்டத்திலிருந்து எடுக்கும் நிரலுக்கு முதலிலுள்ள ‘1’ புலப்படுவதில்லை. காற்புள்ளிகளை நீக்கிய பின் மாறியில் நிற்பது 234567.89. பத்து இலட்சம் டாலர் மறைந்தது, எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை, நிரலும் நிற்கவில்லை. சிறு தொகைகளில் உறங்கிக் கிடந்த பிழை பெருந்தொகையில் விழித்துக்கொள்ளும் தன்மையைக் காண்க. ஆதலின் ஆய்வுக்கு எடுக்கும் கணக்குகளுள், புலம் முழுவதும் நிரம்பியதொன்றும் முற்றும் வெறுமையானதொன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

ஒரு கட்டம் தள்ளுதற்குப் பொதுவான காரணம் எண்ணத் தொடங்கும் முறையே. எச்.எல்.எல்.ஏ.பி.ஐ. 1-இலிருந்து எண்ணுவது. எக்ஸ்3270 என்னும் எமுலேட்டரில் திரையைப் படிக்கும் ‘ஆஸ்கி’ என்னும் கட்டளையோ வரியையும் கட்டத்தையும் 0-இலிருந்து எண்ணுவது. முன்னதற்கு எழுதிய 9, 30 என்னும் எண்களைப் பின்னதற்கு மாற்றாமல் கொடுத்தால், ஒரு வரி கீழும் ஒரு கட்டம் வலமும் உள்ள இடமே படிக்கப்படும். அவ்விடத்தில் வேறொரு தொகை இருக்குமாயின், அத்தொகை நம் மாறியின் நல்ல பெயரைச் சூடிக்கொண்டு உலவும்.

திரையின் அமைப்பு மாறுவதும் உண்டு. பெருங்கணிப்பொறி நிரலைப் பேணுவோர் ஒரு புதிய வரியை நடுவே சேர்ப்பராயின், அதற்குக் கீழுள்ளன யாவும் இறங்கிவிடும். மனிதக் கண் அதனை ஒரு நொடியில் உணர்ந்து கீழே நோக்கும். எண்ணால் இடம் குறித்த நிரலோ பழைய இடத்தையே நோக்கும். இதற்கு மருந்து, இடத்தோடு அடையாளத்தையும் சேர்த்துப் படித்தலாம். தொகைக்கு இடப்புறம் எழுதப்பட்டுள்ள பெயர்ச்சொல்லையும் எடுத்து, அது நாம் எதிர்பார்த்த சொல்லோ என்று ஒப்பிடுக. அன்றெனின், எடுத்ததை வழங்காது நிரலை நிறுத்துக.

காலத்தாற் பிழைத்தல்

இடப்பிழையினும் கொடியது காலப்பிழை. நிரல் மனிதரினும் மிக விரைவானது. அது ‘என்டர்’ விசையை அனுப்பிய மறுகணமே திரையைப் படிக்க முற்படும். பெருங்கணிப்பொறியின் விடை அதற்குள் வந்திராது. அப்பொழுது திரையில் நிற்பது யார் கணக்கு? முன்னர்க் கேட்டவர் கணக்கே. அவருடைய தொகை இப்பொழுது கேட்டவர் பெயரிற் பதிவாகும். எழுத்து ஒவ்வொன்றும் திருத்தமாய் இருக்கும். இடமும் திருத்தமாய் இருக்கும். ஆள் மட்டும் வேறு. தொகையை மாத்திரம் நோக்குவோர் இப்பிழையைக் கண்டறிதல் அரிது.

விசைப்பலகையின் பூட்டு நீங்கும்வரை காத்திருத்தல் இதற்கு முதற்படி. நான்காம் பணி அதன்பொருட்டே அமைந்தது. ஆயினும் அது மட்டும் போதாது. பெருங்கணிப்பொறி சில வேளைகளில் ஒரே விடையை இரண்டு மூன்று பகுதிகளாக அனுப்பும்; முதற் பகுதி வந்தவுடன் பூட்டு நீங்கிவிடலும் உண்டு. மூன்று நொடி காத்திருக்க என்று கண்ணை மூடிக்கொண்டு ஆணையிடுவதும் நன்றன்று. கணிப்பொறி ஓய்ந்திருக்கும் காலையில் மூன்று நொடி வீணாகும். திங்கள் இறுதியில் வேலை மிகுந்தபொழுது மூன்று நொடி போதாது.

ஆதலின் காலத்தை நொடியால் அளவாது நிகழ்ச்சியால் அளத்தல் வேண்டும். திரையின் தலைப்பு எதிர்பார்த்தவாறு வந்ததா, கர்சர் தனக்குரிய இடத்தில் நின்றதா, எல்லாவற்றினும் மேலாக, திரையிலுள்ள கணக்கெண் நாம் கேட்ட கணக்கெண்தானா எனப் பார்த்தல் வேண்டும். மேலே கூறிய ‘திரையில்_கண்ட_கணக்கெண்’, ‘நாம்_கேட்ட_கணக்கெண்’ என்னும் இரு மாறிகளும் இங்கே பயன்படும். அவ்விரண்டும் ஒத்தாலன்றித் தொகையைத் தொடுதல் கூடாது. இவ்வொரு சிறு ஒப்பீடு, ஒருவர் கடனை மற்றொருவர் தலையிற் சுமத்தும் பெரும்பிழையைத் தடுக்கின்றது.

இயல்பாற் பிழைத்தல்

இடமும் காலமும் பொருந்தி எடுத்த எழுத்துகளும் மாறியிற் சேரும்பொழுது தம் இயல்பை இழத்தல் கூடும். ‘00471283’ என்னும் கணக்கெண்ணை எண் வகை மாறியில் வைத்தால் முன்னுள்ள சுழிகள் நீங்கி 471283 ஆகும். கணக்கெண் என்று நாம் வழங்கினும் அது கூட்டிக் கழிக்கும் எண்ணன்று, ஒரு பெயரே. பெயரை எழுத்துத்தொடராகவே வைத்தல் வேண்டும்.

தொகையின் குறியும் இத்தகையது. கோபோல் மொழியில் அச்சிட அமைக்கப்படும் தொகைகளில் குறைக்குறியைத் தொகையின் பின்னர் இடுதலும், அதற்கு மாறாக ‘சி’, ‘ஆர்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பின்னர் இட்டு எதிர்மதிப்பைக் குறித்தலும் வழக்கு. இலக்கங்களை மட்டும் எடுத்துப் பின்னுள்ள குறியை விட்டுவிட்டால், வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தரவேண்டிய 150 டாலர், அவர் தரவேண்டிய 150 டாலராக மாறும். திரையைப் பார்க்கும் கணக்கர் அவ்விரண்டெழுத்தின் பொருளைக் கூறாமலே அறிவார். நிரலுக்கு நாம் கூறவேண்டும்.

நாட்குறிப்பும் அவ்வாறே. ‘03/04/2024’ என்பது அமெரிக்க வழக்கில் மார்ச்சு 4. பிரிட்டானிய வழக்கில் ஏப்ரல் 3. எழுத்து ஒன்றே; நாள் இரண்டு. புலத்தின் இறுதியில் நிற்கும் வெற்றிடங்களும் ஒப்பீட்டைக் கெடுக்கும். ‘சென்னை’ என்பதும் பின்னே நான்கு வெற்றிடம் உடைய ‘சென்னை’ என்பதும் நமக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு. இவை காரணமாக, எடுத்த எழுத்துகளை உள்ளவாறே ஒரு மாறியிலும், அவற்றைத் தூய்மை செய்து வகைப்படுத்திய மதிப்பை வேறொரு மாறியிலும் வைப்பர் அறிந்தோர். பின்னொரு நாள் ஐயம் எழுந்தால், மூலத்தைக் கொண்டு உண்மையைத் தெளியலாம்.

பட்டியல்களை எடுத்தல்

ஒரு மதிப்பிற்கு ஒரு மாறி போதும். ஒருவருடைய வரவு செலவுகள் 40 வரிகளாகப் பல திரைகளிற் பரந்திருப்பின், வரிசையாகப் பல அறைகள் உடைய மாறி வேண்டும். நிரல் ஒவ்வொரு வரியாகப் படித்து அறைகளில் நிரப்பும். திரை முடிந்தபின் அடுத்த பக்கத்திற்குரிய விசையை அனுப்பும். பல அமைப்புகளில் அது எட்டாம் செயல்விசையாகும்.

எப்பொழுது நிறுத்துவது என்பதே ஈண்டு வினா. இறுதிப் பக்கத்தில் விசையை அழுத்தினால் சில அமைப்புகள் அதே பக்கத்தை மீண்டும் காட்டும். சில, முந்திய பக்கத்தின் இறுதி வரிகளையும் சேர்த்துக் காட்டும். இவற்றை எண்ணாது எடுக்கும் நிரல், ஒரே செலவை இருமுறை எழுதும். திரையின் அடியில் மொத்தத்தொகை இருக்குமாயின் அதனையும் எடுத்து, நாம் திரட்டிய வரிகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுதல் நன்று. பழைய கணக்கேட்டின் அடிவரிக் கூட்டு இப்புதுத் தொழிலுக்கும் சான்றாகின்றது.

நிரலுக்கென்றே எழுதப்பட்ட வெளியீடு

இத்துணைத் தொல்லையும் எதனால் வந்தது? திரை மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. அதனை நிரல் படிக்க முயல்கின்றது. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அமைத்தோர் இதற்கு மறுதலையான வழியைக் கொண்டனர். டக் மெக்கில்ராயின் கருத்தைத் தழுவி, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாகப் பாய்ச்சும் குழாய் முறையை 1973-இல் கென் தாம்சன் அதன்கண் அமைத்தார். 1979-இல் ஏழாம் பதிப்போடு வெளிவந்த போர்ன் ஷெல்லில், ஒரு கட்டளையைப் பின்சாய்ந்த மேற்கோட் குறிகளுக்குள் எழுதினால், அதன் வெளியீடு முழுவதும் ஒரு மாறியில் வந்து அமரும். வரி எது, கட்டம் எது என்று எண்ண வேண்டுவதில்லை; கட்டளை முடிந்த பின்னரே மாறி நிரம்புமாதலின் காலப்பிழைக்கும் இடமின்றாயிற்று.

எனினும், அங்கும் மனிதரோடு உரையாடவே எழுதப்பட்ட நிரல்கள் உள. கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்கும் நிரல்கள் அத்தகையன. அவற்றை இயக்குதற்கு 1990-இல் டான் லைப்ஸ் என்பார் எக்ஸ்பெக்ட் என்னும் மென்பொருளை வெளியிட்டார். ‘இது வருமென்று எதிர்பார், வந்தால் இதை அனுப்பு’ என்பதே அதன் நெறி. எதிர்பார்த்தது வந்தவுடன், வந்த எழுத்துகள் ஒரு மாறியிற் சேரும். காலத்தை நொடியாலன்றி நிகழ்ச்சியால் அளக்க வேண்டும் என்று மேலே கூறிய கொள்கை அதன் பெயரிலேயே அமைந்திருத்தல் காண்க.

இவற்றால் ஒன்று தெளிவாகும். நிரலுக்கென்றே அமைந்த ஏ.பி.ஐ. முதலிய நேர்வழி கிடைக்குமாயின் அதனையே கொள்ளுதல் முறை. அது கிடையாதவிடத்து, பழைய நிரலை மாற்றப் பொருளோ ஆளோ இல்லாதவிடத்து, திரையைப் படித்தல் தகுந்த துணையாகும். ஆற்றின் குறுக்கே பாலம் அமையும்வரை ஓடம் வேண்டும். ஓடத்தில் ஏறியவர் பாலத்தின் மேல் நடப்பார் போல் அசட்டையாக இருத்தல் ஆகாது.

எடுத்தவர் கடமை

இன்னும் ஒன்று கூற வேண்டும். 3270 திரையில் தோன்றாப் புலங்கள் உண்டு என்றோம். கடவுச்சொல் எழுதும் புலம் அத்தகையது. கண்ணுக்கு அது வெறுமை. ஆயின் முனையத்தின் நினைவகத்தில் எழுத்துகள் இருத்தல் கூடும். திரை முழுவதையும் அள்ளி மாறியில் இட்டு, பின்னர் அம்மாறியை ஒரு பதிவேட்டிலும் எழுதி வைக்கும் நிரல், தான் அறியாமலே பிறர் மறைபொருளை வெளியிடக்கூடும். வேண்டுவதை மட்டும் எடுத்தல், வேண்டுங்காலம் மட்டும் வைத்திருத்தல், பயன் முடிந்ததும் மாறியை வெறுமை செய்தல் என்னும் மூன்றும் இத்தொழில் செய்வார்க்கு இன்றியமையாதன.

ஐயம் நேர்ந்தவிடத்து நிரல் நின்றுவிடுதலே அறம். நின்ற நிரலை ஒருவர் வந்து நோக்குவர். பிழையோடு ஓடும் நிரலை ஒருவரும் நோக்கார். ஒரு நாள் வேலை தாமதித்தல் பொறுக்கத்தக்கது. ஓர் ஏழைக்குரிய உதவிப்பணம் வேறொருவர் கணக்கிற் சென்றபின், ‘திரையில் அவ்வாறே இருந்தது’ என்று கூறுதல் விடையாகாது. திரையில் இருந்தது உண்மையாகலாம். அது எவ்விடத்து, எக்கணத்தில், எவர்க்குரியதாய் இருந்தது என்பதே வினா.

மாணவ நண்பர்களே, கணிப்பொறிப் பயிற்சியில் மாறிக்கு மதிப்பிடுதல் முதல் நாட் பாடமாகக் கற்பிக்கப்படுவது. ஒரு வரியில் எழுதி முடிப்பது. அவ்வொரு வரியை எழுதும்பொழுது, நாம் ஒரு பொருளுக்குப் பெயரிட்டு, ‘இஃது இன்னதே’ என்று சான்று கூறுகின்றோம். பின்வரும் நிரல்கள் யாவும் அச்சான்றை நம்பியே கூட்டும், கழிக்கும், கொடுக்கும், மறுக்கும். பெயரிடுமுன் ஒருமுறை சரிபார்த்தல் அச்சான்றை நம்பியிருப்போர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.